கர்த்தர் மன்னித்துவிட்டார்... சரி, அந்த 1,850 ரூபாய்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுவதும் படிக்கலாம். இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். குறிப்பாக என் வகுப்பு நண்பர்கள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கன்வென்ஷன் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக: பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், வரிசையாக டியூப் லைட், வாடகை நாற்காலி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெளியூரிலிருந்து ஒரு செய்தியாளர் வருவார். மூன்று நாள் கூட்டம். முதல் நாள் கடைசிக் காலம், இரண்டாம் நாள் குடும்ப ஆசீர்வாதம், மூன்றாம் நாள் எழுப்புதல். மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல் கீபோர்டுக்காரர் மெதுவாக வாசிக்க ஆரம்பிப்பார். எல்லோரும் கண்ணை மூடச் சொல்வார்கள். வாழ்க்கை புதிதாக வேண்டும் என்கிறவர்கள் கையை உயர்த்துங்கள், எழுந்து நில்லுங்கள், முன்னால் வாருங்கள் என்று ஒவ்வொரு படியாக அழைப்பு வரும். ஜனங்கள் அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

இப்போது யூடியூபில் நேரலை, காணிக்கைக்கு க்யூஆர் கோடு எல்லாம் வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்றாம் நாள் ராத்திரி மட்டும் மாறவே இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுகிறவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. வருஷம் முழுவதும் வீட்டில் ஒரு வார்த்தை பேசாத மனிதர் அந்தப் பந்தலில் உட்கார்ந்து தேம்பி அழுவதைப் பார்த்திருக்கிறேன். அது நடிப்பு இல்லை. மனிதனுக்கு இரக்கம் வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. கிறிஸ்தவத்தில் எனக்குப் பிடித்ததே அந்த ஆசைக்கு அது கதவைச் சாத்துவதில்லை என்பதுதான்.

என் சண்டை வேறு. அந்த மூன்றாம் நாள் ராத்திரியில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். நான், கடவுள். மூன்றாவது ஆள் இல்லை. நான் யாருக்குத் தீங்கு செய்தேனோ அந்த ஆள் அந்தப் பந்தலில் எங்கேயும் இல்லை. அவனைக் கேட்காமலேயே அவன் விவகாரம் பைசல் ஆகிவிடுகிறது. நான் லேசான மனதோடு வீட்டுக்குப் போகிறேன். அவன்?

பொத்தாம்பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. அதனால் என் கதையையே சொல்கிறேன்.

இரண்டாம் வருஷம் படிக்கும்போது எங்கள் வகுப்பிலிருந்து தொழிற்சாலை பார்க்கப் போவதற்காகப் பணம் வசூலித்தோம். வசூல் பண்ணியது இரண்டு பேர். நான் ஒருவன், என் நண்பன் ஒருவன். பெயர் வேண்டாம், வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பணம் ஒரு வாரம் என் பையிலும் ஒரு வாரம் அவன் பையிலுமாக இருந்தது. அந்த நேரத்தில் என் மொபைல் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. மாற்ற 1,850 ரூபாய். வசூல் பணத்திலிருந்து எடுத்தேன். மாசக் கடைசியில் வீட்டிலிருந்து பணம் வந்ததும் வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். (எடுக்கிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். ஆடிட்டிங் பேப்பரில் பணம் கையாடல் என்ற பாடத்தைப் படித்தபோது எனக்கு வேர்த்தது.) ஆனால் பஸ்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய நாள் சீக்கிரம் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தார்கள். குறைந்தது.

யாரும் யாரையும் நேராகக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் மோசம். அவன் ஹாஸ்டல் பையன், அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கிறார்கள். அவனிடம் பணம் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு போதுமாக இருந்தது. சிரிப்பு, கண் ஜாடை, அவன் வந்தால் பேச்சை நிறுத்துவது. மூன்றாம் நாள் அவன் அம்மாவிடம் சொல்லி 1,850 ரூபாய் வாங்கி வந்து வைத்தான். வகுப்பு அதை ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டது. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு வாலிபர் முகாம். கடைசி நாள் ராத்திரி அழைப்பு கொடுத்தார்கள். ஓடினேன். மண்டி போட்டு அழுதேன். இரக்கம் கேட்டேன். ஒரு அண்ணன் தலையில் கை வைத்து ஜெபித்தார். எழுந்தபோது பஞ்சு மாதிரி இருந்தது. மறுநாள் காலை சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, ஒரு பெரிய பாவத்திலிருந்து கர்த்தர் என்னை விடுதலையாக்கினார் என்று சொன்னேன். என்ன பாவம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனேன். மத்தியானம் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு விடுதலை. அவனுக்கு அதே வெறும் பெஞ்ச்.

இதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது எழுப்புதலா, மயக்க மருந்தா?

வேதத்தைத் தெரிந்தவர்கள் உடனே மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்குப் போவார்கள். போகட்டும், நானும் வருகிறேன். அங்கே ஒரு ராஜா தன் ஊழியக்காரர்களிடம் கணக்குப் பார்க்கிறார். ஒருவன் 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். கெஞ்சுகிறான். ராஜா மனம் இரங்கி முழுவதையும் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன் தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான், சிறையில் போடுகிறான்.

காமர்ஸ் படிக்கிறவன் கையில் இந்தக் கதை கிடைத்தால் கால்குலேட்டரை எடுக்காமல் இருப்பானா? ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு கூலியாளின் நாள் சம்பளம். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஆகவே 10,000 தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தால் 2 லட்சம் வருஷம் ஆகும் அடைக்க. இன்றைக்கு நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,200 கோடி ரூபாய். அவனுக்கு வர வேண்டியது 100 நாள் கூலி, அதாவது 70,000 ரூபாய். விகிதம் 6 லட்சத்துக்கு 1.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் கேட்கும்போது, பிறரை மன்னியுங்கள் என்ற புத்திமதியோடு முடித்துவிடுவார்கள். சரிதான். ஆனால் இன்னொன்று இருக்கிறது. அந்த 4,200 கோடி தள்ளுபடியான பிறகும் அந்த 70,000 ரூபாய் விவகாரத்தை ராஜா விசாரிக்கிறார். என்னிடம் வாங்கியதைத் தள்ளுபடி செய்துவிட்டேன், மற்றபடி நீ வெளியே எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று அவர் விட்டுவிடவில்லை. ராஜாவுக்கும் அவனுக்கும் உள்ள கணக்கில் அந்த மூன்றாவது ஆளும் இருக்கிறான். அவனை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் கணக்கு டேலி ஆகவில்லை. கிடைத்த இரக்கத்தையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ராஜாவுக்குக் கோபம் வருகிறது.

அதுவும் அந்தக் கதையில் வருகிறவனுக்கு மற்றவன்தான் கடன்காரன். என் கதையில் கடன்காரனே நான். என் நிலைமை அவனைவிட மோசம்.

அடுத்து, சங்கீதம் 51. எழுப்புதல் கூட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடையாது. சுத்தமான இருதயம் வேண்டும், உள்ளுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று ஒரு மனிதன் கதறுகிறான். எத்தனையோ பாட்டுகள் அதிலிருந்து வந்திருக்கின்றன. ஆனால் அந்தச் சங்கீதத்தின் தலைப்பைக் கவனியுங்கள். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்த பிறகு பாடியது என்று இருக்கும். நாத்தான் வந்து என்ன செய்தார்? கீபோர்டு வாசிக்கவில்லை. ஒரு வழக்கைச் சொன்னார். ஒரு பணக்காரன், ஒரு ஏழை. ஏழையிடம் இருந்தது ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, மகளைப் போல வளர்த்தான். பணக்காரன் தன் மந்தையைத் தொடாமல் அந்தக் குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்தான். தாவீதுக்குக் கோபம் வந்து தீர்ப்புச் சொன்னான்: அவன் நாலு மடங்கு திருப்பித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் நாத்தான், அந்த மனுஷன் நீதான் என்று போட்டு உடைத்தார்.

ஆக, அந்தக் கண்ணீர்ப் பாட்டுக்கு முன்னால் ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டி இருக்கிறது, நாலு மடங்கு என்ற தீர்ப்பு இருக்கிறது. நாம் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சிலர் சொல்வார்கள், அந்தச் சங்கீதத்திலேயே தாவீது தன் பாவம் கடவுளுக்கு எதிரானது மட்டும்தான் என்கிற மாதிரி பேசுகிறானே என்று. நானும் யோசித்தேன். உரியா செத்துப்போய்விட்டான். கொன்றதே தாவீதுதான். போய்க் கேட்க ஆள் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவனை மண்ணுக்குள் அனுப்பிவிட்டவன் கடவுளிடம் மட்டும்தான் போக முடியும். அது அவனுடைய துக்கம். நமக்குச் சலுகை ஆகாது. என் நண்பன் உயிரோடு இருக்கிறான். என் பெஞ்சிலிருந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

நாலு மடங்கு என்றதும் இன்னொருவர் ஞாபகம் வர வேண்டும். சகேயு. எரிகோ ஊரில் வரி வசூலித்தவர்களுக்குத் தலைவன். ஞாயிறு பள்ளியில் நமக்கெல்லாம் குள்ளமான மனிதன், மரம் ஏறினான் என்பது வரைதான் சொல்லிக் கொடுத்தார்கள். மரத்திலிருந்து இறங்கிய பிறகு செய்ததுதான் விஷயம். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றான். எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின் சட்டப்படி, தானே ஒத்துக்கொண்டால் அசலும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கு யாத்திராகமம் 22ல் விதித்தது நாலு மடங்கு. சகேயு சின்னத் தண்டனை இருக்கும்போது பெரியதைத் தானே எடுத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் வீட்டில் யாராவது அழுதார்களா என்று லூக்கா எழுதவில்லை. எவ்வளவு கொடுக்கிறேன் என்றான் என்பதை எழுதியிருக்கிறார்.

யூதர்களுக்குப் பாவநிவிர்த்தி நாள் என்று ஒன்று உண்டு. வருஷத்தில் மிகப் புனிதமான நாள், நாள் முழுக்க உபவாசம். அவர்களுடைய மிஷ்னாவில் அந்த நாளைப் பற்றித் தெளிவாக ஒரு விதி இருக்கிறது. கடவுளுக்கு எதிராகச் செய்ததற்கு அந்த நாள் நிவிர்த்தி தரும். சக மனிதனுக்கு எதிராகச் செய்ததற்கு, முதலில் அவனைச் சமாதானப்படுத்தும் வரை தராது. இயேசுவும் மலைப்பிரசங்கத்தில் அதே திசையில்தான் போகிறார். காணிக்கை கொண்டுவந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்கிறார். எங்கள் பந்தலில் யாராவது அப்படிப் பாதியில் எழுந்து போயிருக்கிறார்களா? போனால் வாலண்டியர் தடுத்து உட்கார வைத்துவிடுவார்.

எழுப்புதல் செய்தியாளர்கள் அடிக்கடி சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. 1907ல் கொரியாவில் பியோங்யாங் நகரில் நடந்த எழுப்புதல். விடியவிடிய ஜெபம், ஆயிரக்கணக்கானவர்கள் மனந்திரும்பினார்கள் என்று சொல்லிவிட்டு, நம் தேசத்திலும் அப்படி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் அங்கே என்ன நடந்தது என்பதில் ஒரு பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சபையின் மூப்பர் கில் சன்ஜூ. எல்லோரும் மதிக்கும் ஆள், அதே வருஷம் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற ஏழு கொரியப் போதகர்களில் ஒருவர். சாகும் தறுவாயில் இருந்த நண்பர் தன் மனைவிக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் ஒப்படைத்திருந்தார். அதில் 100 டாலர் அளவுக்குத் தனக்கு எடுத்துக்கொண்டேன் என்று சபை நடுவில் எழுந்து சொன்னார். அந்த விதவையிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் உடைந்தார்கள். ஜனங்கள் வீடுவீடாகப் போய்த் திருடியதைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். கிறிஸ்தவர்கள் இல்லாதவர்களிடமும் போனார்கள். அங்கே இருந்த மிஷனரிகளே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெயர் சொல்லி, தொகை சொல்லி, யாருடைய பணம் என்று சொல்லி. நான் முகாமில் சொன்ன 'ஒரு பெரிய பாவம்' சாட்சியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சீர்திருத்த ஞாயிறு வந்தால் லூத்தரைக் கொண்டாடுகிறோம். 1517 அக்டோபர் 31. அவர் எதிர்த்தது என்ன? ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்டப் பணம் திரட்டுவதற்காக ஜெர்மனியில் டெட்சல் என்பவர் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார். காசு கொடுத்தால் இரக்கம். லூத்தரின் 95 வாதங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். ஒரு ராத்திரி இல்லை, வாழ்க்கை முழுவதும். அதே பட்டியலில் 43ஆவதும் 45ஆவதும் சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேல், தேவையில் இருப்பவனைத் தாண்டிப் போய்ச் சீட்டு வாங்குகிறவன் கடவுளின் கோபத்தைத்தான் வாங்குகிறான் என்ற பொருளில் இருக்கின்றன. அன்றைக்குச் சீட்டு நாணயத்துக்குக் கிடைத்தது. இன்றைக்குக் கண்ணீருக்குக் கிடைக்கிறது. இரண்டிலும் பக்கத்தில் இருக்கிறவனைத் தாண்டித்தான் போகிறோம். ஜெர்மன் போதகர் போன்ஹோபர் 1937ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு மலிவான கிருபை என்று பெயர் வைத்தார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் தூக்கில் போடப்பட்டவர். மலிவு என்ற வார்த்தையைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது.

இப்போது எதிர்க்கேள்வி. எங்கள் சபை அண்ணன் ஒருவரிடம் இதையெல்லாம் பேசியபோது அவர் கேட்டது: "தம்பி, நீ கிரியையினாலே ரட்சிப்புன்னு சொல்ல வர்றியா? கிருபை இலவசம்ப்பா. திருப்பிக் கொடுத்தாத்தான் மன்னிப்புன்னா அது வியாபாரம் ஆயிடாதா?"

நல்ல கேள்வி. ஒதுக்கித் தள்ள முடியாது. பதில் சொல்ல எனக்குத் தெரிந்த பாஷை கணக்குப் பாஷைதான். ரசீது பணம் கிடையாது. ரசீதைக் கொடுத்து யாரும் கடனை அடைக்க முடியாது. ஆனால் பணம் உண்மையிலேயே வந்து சேர்ந்திருந்தால் எங்கேயாவது ரசீது இருக்கும். வவுச்சரே இல்லாமல் எழுதிய பதிவை எந்த ஆடிட்டரும் நம்ப மாட்டார். சகேயு நாலு மடங்கு கொடுத்து இயேசுவை வீட்டுக்கு வரவழைக்கவில்லை. உன் வீட்டில் தங்க வருகிறேன் என்று அவர் சொன்னது முதலில். அவன் கொடுக்கிறேன் என்றது பிறகு. இரக்கம் இலவசமாகத்தான் வந்தது. வந்தது நிஜம் என்பதற்கு அத்தாட்சிதான் அந்த நாலு மடங்கு.

சரி, திருப்பிக் கொடுக்கவே முடியாதவன்? சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளன் ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை. கையும் காலும் ஆணியில் இருந்தது. அவனுக்கும் பரதீசு கிடைத்தது. முடியாதவனிடம் கேட்காத இரக்கம் அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் கையில் ஆணி இல்லை. மொபைல் இருக்கிறது. அதில் நண்பனின் நம்பர் இருக்கிறது. கூகுள் பே இருக்கிறது. கள்ளனுக்குக் கிடைத்த சலுகையை நாம் கேட்டால் அது அடாவடி.

கத்தோலிக்க நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் பாவசங்கீர்த்தனத்தில், செய்த சேதத்தைத் தன்னால் முடிந்த அளவு சரிக்கட்ட வேண்டும், திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று போதனையிலேயே இருக்கிறது. ஆனால் நடப்பில் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு வெளியே வந்து பஜ்ஜி சாப்பிடப் போகிறீர்கள் என்று என் கத்தோலிக்க நண்பனே சொல்கிறான்.

தனி மனிதனுக்கு மட்டுமா இது? திருநெல்வேலி மாவட்டத்தில் வடக்கன்குளம் என்று ஒரு ஊர். அங்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கக் கோவிலில் வெவ்வேறு சாதிக்காரர்கள் தனித்தனிக் கூடத்தில் இருந்து ஒரே பீடத்தைப் பார்க்கிற மாதிரி நடுவில் சுவர் வைத்தார்கள். பீடத்தில் சொன்ன மன்னிப்பு இரண்டு பக்கமும் கேட்டது. சுவர் அப்படியே இருந்தது. 1910ல்தான் அதை இடித்தார்கள். கத்தோலிக்கர்களை மட்டும் சொல்லவில்லை. சாதி பார்த்துப் பெண் எடுக்கிற, சாதி பார்த்துச் சபைத் தேர்தலில் ஓட்டுப் போடுகிற எங்கள் ஆட்கள், அதே வாரம் எழுப்புதலுக்காக உபவாச ஜெபம் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொருவனுக்கு நாம் தர வேண்டிய மரியாதையும் ஒரு கடன்தான். அதைத் தராமல் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கையை உயர்த்தினால் என்ன புதிதாகும்?

சரி, கதைக்கு வருகிறேன். வகுப்பு நண்பர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவன் ஹாஸ்டலுக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தான். மொபைல் டிஸ்ப்ளே கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவன் குழாயை மூடவில்லை. சகேயுவை நினைத்துக்கொண்டு 7,400 ரூபாய் எடுத்துப் போயிருந்தேன். பகுதிநேர வேலையில் சேர்த்தது. நீட்டினேன். எண்ணினான். 1,850 எடுத்துக்கொண்டு மீதியை என் சட்டைப் பையில் வைத்தான்.

"இது எங்கம்மா காசு. நாலு மடங்கெல்லாம் வேண்டாம்ல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "பேரை எப்படில திருப்பித் தருவ?" என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. முகாமில் எனக்காக ஜெபித்த அண்ணனிடமும் இருந்திருக்காது. அவன் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் எனக்காகத்தான் இருந்திருக்கும். ஈரத் துணியைக் கொடியில் போட உதவி செய்துவிட்டு வந்தேன். அன்றைக்குப் பஞ்சு மாதிரியெல்லாம் இல்லை. வயிறு கலங்கியது, இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவன் பெஞ்சில் போய் உட்கார முடிந்தது. மூன்று தடவை முன்னால் போய் மண்டி போட்டும் எனக்கு அந்த ஐம்பது அடி தூரம் நடக்கும் தைரியம் கிடைத்ததில்லை. புதுப்பிக்கப்படுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இப்போதைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்தத் தைரியத்தையும் நானாகச் சம்பாதித்ததாக நினைக்கவில்லை. அதுவும் இரக்கத்தில் வந்ததுதான். ஆனால் அது வந்து சேர்ந்தபோது என்னைத் தனியாக ஜெபிக்க அனுப்பவில்லை. அவனிடம் அனுப்பியது.

அவன் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இந்தப் பதிவு. அவனிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். என் பெயரைச் சேர்க்கவா என்று கேட்டேன். "உன் பேரு தலைப்புக்கு மேலயே இருக்குல" என்றான்.

ஆகவே, இரண்டாம் வருஷ வசூலில் குறைந்த 1,850 ரூபாயை எடுத்தது நான். அவன் இல்லை. அன்றைக்கு அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவன் வந்ததும் பேச்சை நிறுத்தியவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். என்னைத் திட்ட வேண்டுமானால் தாராளமாகத் திட்டுங்கள், தகும். ஆனால் அதை முதலில் செய்ய வேண்டாம். முதலில் அவனிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

டிஸ்கி: வருகிற மாதம் எங்கள் ஊரில் கன்வென்ஷன். நானும் போவேன். மூன்றாம் நாள் ராத்திரி அழைப்பு கொடுக்கும்போது யாராவது முன்னால் போகாமல் வாசல் பக்கமாக நடந்தால், தயவுசெய்து வழி விடுங்கள். அவர் எங்கேயாவது யாரையாவது பார்க்கப் போய்க்கொண்டிருக்கலாம்.